நடன மேடையும் நாகரிக உடையும்



ஐரோப்பியரின் பாலே நடனத்திலே, சீமாட்டியர் விருந்துக்கு எதனை அணிந்தனரோ அதன் சாயலையே நர்த்தகியும் நெடுங்காலம் மேடையில் அணிந்தாள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரெஞ்சு மாதர் இடுப்பின் இருமருங்கும் சட்டகம் வைத்து விரித்த பாவாடைகளை உடுத்தினர். அச்சுமையோடு துள்ளுவது எங்ஙனம்? மரீ கமார்கோ பாவாடையைச் சிறிது குறுக்கிக் காலசைவைக் காட்டினார். மரீ சாலே 1734இல் இலண்டனிற் சட்டகத்தையே நீக்கி, எளிய மஸ்லின் ஆடையுடன் ஆடினார். பிரெஞ்சுப் புரட்சியை அடுத்துப் பண்டைக் கிரேக்கரைப் பின்பற்றிய மெல்லாடை பெண்களிடையே பரவிற்று. மேடையும் அதனை ஏற்றது.

1832இல் 'லா சில்ஃபீட்' நடனத்தில் மரீ தலியோனி, இறுகிய மேற்சட்டையும் மணிபோல் விரிந்த வெண்பாவாடையும் அணிந்து தோன்றினார். அவ்வடிவும் அக்கால மங்கையர் உடையினின்று வந்ததே. ஆனால், மேடையில் எரிந்தவை எரிவாயு விளக்குகள். தீத்தடுப்பு மருந்திலே தோய்த்தால் துணியின் அழகு குன்றும் என எம்மா லிவ்ரி மறுத்தார். 1862இல் பாரிஸில் ஒத்திகையின்போது அவர் ஆடையில் தீப்பற்றியது. அடுத்த ஆண்டு உயிர் துறந்தார். வயது இருபதே.

பின்னர் மேடையும் நாகரிகத்துக்கு வழிகாட்டியது. 1910இல் 'ஷெஹரசாட்' நடனத்துக்கு லியோன் பாக்ஸ்ட் வகுத்த கீழைத்தேயக் கோலத்தைப் பாரிஸ் மாதர் விரும்பி ஏற்றனர். 1924இலோ, 'நீல இரயில்' நடனத்துக்குக் கோகோ ஷனேல் அக்காலக் குளியலுடைகளையும் விளையாட்டுடைகளையுமே மேடைக்குக் கொணர்ந்தார்.

பிள்ளைகளை மேடையேற்றுவோர் உடை தைக்குமுன், ஆடுபவளின் மூச்சுக்கும் அடிக்கும் உயிருக்கும் அதில் இடமுண்டா என்று பார்த்தல் நன்று.