புதுத் தலைவழியும் பழைய நடைபாலமும்



செய்தித்தாள்கள் 'புல்லட்' வண்டி என்று எழுதும் மிகுவிரைவுத் தொடர்வண்டியின் வழிக்குச் சப்பானியர் இட்ட பெயர் 'சிங்கான்சென்' என்பது. 'சின்' என்பது புதுமை. 'கான்' என்பது அடிமரம் போலும் தலைமை. 'சென்' என்பது கோடு, வழி. ஆகப் 'புதுத் தலைவழி' என்பதே அச்சொல்லின் பொருள். அதில் விரைவும் இல்லை. துமுக்கிக் குண்டும் இல்லை. பெயரைப் பிழைபடக் கொண்டோர் பொருளையும் பிழைபடக் கொண்டனர் என்பதே இவ்வுரையின் கருத்து.

தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே 1964 அக்தோபர் முதல் நாளில் திறக்கப்பெற்ற 515 கிலோமீட்டர் வழி, வேடிக்கைக்காகப் போடப்பட்டதன்று. அங்கிருந்த பழைய குறுந்தடம் சப்பான் நாட்டு இருப்புவழிப் போக்குவரத்தில் ஏறத்தாழக் கால் பங்கைச் சுமந்து, இனியொரு வண்டியும் விட இடமின்றி நிரம்பி வழிந்தது. ஆதலின் இன்னொரு தலைவழி வேண்டியதாயிற்று. புதிதாகப் போடுவதை அகலத் தடமாகவும் விரைவுத் தடமாகவும் போட்டனர். பிரான்சு நாட்டில் பாரிசுக்கும் இலியோனுக்கும் 1981-இல் வழி திறந்ததும் இத்தகைய நெருக்கடியாலேயே. போட்ட முதலை மீட்ட வழிகள் யாவை என்று பொருளியலாரைக் கேட்டால் முதலில் இவ்விரண்டையே சுட்டுவர். விரைவு, நெருக்கடிக்குக் கண்ட தீர்வோடு சேர்ந்து வந்த பயன், அதுவே நோக்கமன்று.

அங்கும் கணக்குத் தவறாமல் இல்லை. உலக வைப்பகம் 8 கோடி தாலர் கடன் தந்த அத்திட்டத்தின் செலவு மதிப்பீட்டைப் போல் இருமடங்காயிற்று. அதனைத் தலைமேற் கொண்டு நடத்திய சோகோ சின்சி 1963-இலேயே பதவி துறந்தார். பின்னாளில் ஆட்குறைந்த பக்கங்களுக்கும் அரசியலார் நெருக்கி வழி கேட்டனர். 1987-இல் சப்பானிய அரசின் தொடர்வண்டித் துறையைத் தனியாரிடம் பிரித்துக் கொடுத்தபோது அதன் கடன் ஏறத்தாழ 37 நூறாயிரங் கோடி யென். அக்கடன் முழுதும் புதுவழிகளால் வந்ததன்று. எனினும் அவற்றுக்கும் அதில் பங்குண்டு.

இனி இந்தியாவுக்கு வருவோம். 2017 செப்டம்பர் 14-ஆம் நாள் அகமதாபாதின் சபர்மதியில், இந்தியத் தலைமை அமைச்சர் மோதியும் சப்பான் தலைமை அமைச்சர் சின்சோ அபேயும் மும்பை – அகமதாபாது விரைவு வழிக்கு அடிக்கல் நாட்டினர். நீளம் 508 கிலோமீட்டர், நிலையங்கள் 12, மதிப்பீடு ஏறத்தாழ 1,08,000 கோடி உருபா.

அடிக்கல் நாட்டிய பதினைந்தாம் நாள், செப்டம்பர் 29 காலை, அதே மும்பையில், அந்நாளில் எல்பின்சுடன் சாலை என வழங்கிய புறநகர் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் ஒடுங்கிய நடைபாலத்தில் நெருக்குண்டது. 23 பேர் மாண்டனர். அவர்களை எந்த வண்டியும் மோதவில்லை. எந்தத் தண்டவாளமும் முறியவில்லை. பாலம் போதவில்லை, அவ்வளவே. பின்னர்ப் படைத்துறையினரைக் கொண்டு ஐந்தே திங்களில் அங்குப் புதிய நடைபாலம் கட்டி முடித்தனர். கட்டுதற்கு அரிய பாலமன்று அது என்பது இதனால் தெரியவரும்.

மும்பைப் புறநகர் வழிகளில் 2023, 2024 ஆகிய ஈராண்டிலும் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் தண்டவாளம் கடந்தும் கதவருகே தொங்கி விழுந்தும் பிற வகையாலும் இறந்தனர். இது புதுச் செய்தியுமன்று. அணுவியல் அறிஞர் அனில் காகோத்கர் தலைமையில் அமைந்த உயர்நிலைக் குழு, 2012 பிப்ரவரியில் இந்தியத் தொடர்வண்டிகளின் பாதுகாப்புப் பற்றி விரிவான அறிக்கை தந்தது. கடவுப்பாதைகளை ஒழித்தல், கைகாட்டி முறையைப் புதுக்குதல், பெட்டிகளை மாற்றுதல் முதலான அனைத்துக்குமாக ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 1,00,000 கோடி உருபா வேண்டுமென அக்குழு கணித்தது. நாடு முழுமைக்கும் அத்தொகை. 508 கிலோமீட்டருக்கு அதனினும் மிகுதி!

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது நேர்மையாகாது. அகலத்தடங்களில் ஆளில்லாக் கடவுப்பாதைகள் 2019 தொடக்கத்துக்குள் ஒழிக்கப்பெற்றன. 2017–18-இல் பாதுகாப்புக்கென ஐந்தாண்டுக்கு 1,00,000 கோடி உருபாவில் தனி நிதியமும் அமைக்கப்பெற்றது. ஆயின் அதன் முதல் நான்காண்டுகளில் தொடர்வண்டித் துறை தன் வருவாயினின்று தரவேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி தரப்படவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2022-இல் எடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு, 2023 சூன் 2 மாலை, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி ஒடிசாவின் பாலசோர் அருகே பிறழ்வழியில் புகுந்து சரக்கு வண்டியில் மோதிற்று. இறந்தோர் முந்நூற்றுவரை ஒட்டினர். கைகாட்டி மின்கம்பி இணைப்பை மாற்றியதில் நேர்ந்த பிழையே அதற்குக் காரணம் எனப் பாதுகாப்பு ஆணையர் கண்டார். ஆள் பற்றாமையும் மேற்பார்வைக் குறைவும் இத்தகைய இடங்களில்தான் உயிர் குடிக்கின்றன.

விரைவு வழியை ஏற்போர் கூறும் வலிய விடையொன்று உண்டு. ஏறத்தாழ 88,000 கோடி உருபாவைச் சப்பான் நூற்றுக்குப் பத்துக் காசு வட்டியில், ஐம்பதாண்டுத் தவணையில், முதற் பதினைந்தாண்டு முதல் திருப்ப வேண்டாமல் தருகின்றது. இவ்வழியை மறுத்தால் அப்பணம் வேறெதற்கும் வராது என்பர். வட்டி குறைவென்பது மெய், முதல் குறையாதே! அஃதன்றியும், அப்பணம் வேறெதற்கும் வராதென்பது உண்மையன்று. தில்லி மெட்ரோவுக்கும் மேலைச் சரக்குத் தடத்துக்கும் எளிய வட்டியில் கடன் தந்ததும் அதே சப்பானிய நிறுவனந்தான்.

அச்சரக்குத் தடத்தைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். கீழைத் தடமும் மேலைத் தடமும் சேர்ந்து 2,843 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 1,24,000 கோடி உருபா. மேலைத் தடம் வடோதரா, சூரத்துப் பக்கமாக மும்பைத் துறைமுகம் நோக்கி வருவது. அதாவது விரைவு வழியின் திசையிலேயே வருவது. சரக்கு அங்கே ஒதுங்கினால் பழைய தடத்தில் பயணவண்டிகளுக்கு இடம் பிறக்கும். அதன்மீது 2022 முதல் ஓடும் வந்தே பாரத் வண்டி மும்பையினின்று அகமதாபாதுக்கு ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்திற் செல்கிறது. விரைவு வழியில் குறைந்த நிறுத்தங்களோடு இரண்டு மணிக்குச் சற்று மேல் ஆகும் என்பர். மூன்றரை மணி நேரம் மிச்சம், யாருக்கு? கட்டணம் குளிர்பெட்டி முதல்வகுப்பை ஒட்டியிருக்கும் என்று தொடக்கத்திலேயே அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. முன்பதிவில்லாப் பெட்டியில் கழிப்பறை வாயிலில் அமர்ந்து வரும் கூலியாளுக்கு அன்று. தில்லி மெட்ரோவை ஆக்கித் தந்த பொறிஞர் சிறீதரனே, இது செல்வர்க்குரியது. நாட்டுக்கு வேண்டுவது தூய்மையும் பாதுகாப்பும் விரைவும் உடைய பொதுத் தொடர்வண்டி என்று 2018-இல் கருத்துரைத்தார். அவர் இருப்புவழியை வெறுப்பவர் அல்லர்.

மும்பையில் விரைவு வழி தொடங்கும் பாந்திரா – குர்லா வளாகம், தாராவிக்கு மிக அண்மையில் உள்ளது. தாராவியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளர் நாள்தோறும் ஏறுவது சயான், மாகிம் நிலையங்களின் புறநகர் வண்டிகளில். அவ்வண்டிகளுக்குக் கூடுதல் தடமும் அகன்ற நடைபாலமும் வேண்டுமென்று கேட்டால் பணமில்லை என்ற விடையே நெடுங்காலம் வந்தது.

இவ்வழியில் பொறியியற் பயன் இல்லாமலில்லை. தானே கழிமுகத்தின் அடியில் 7 கிலோமீட்டர்ச் சுரங்கம், சல்லியில்லாத் தடம், நெடிய மேம்பாலங்கள் ஆகியவற்றைக் கட்டும் திறம் இந்நாட்டுப் பொறிஞர்க்கு வாய்க்கின்றது. மோதலாலோ தடம்புரண்டோ சப்பானிய விரைவு வழிகளில் ஒரு பயணியும் இறந்ததில்லை என்பதும் போற்றத்தக்கதே. ஆயின் அந்தப் பாதுகாப்பு, விரைவால் வந்ததன்று. தடத்தை நாள்தோறும் நள்ளிரவில் வண்டி நிறுத்திச் செப்பம் செய்வதால் வந்தது. அப்பழக்கத்தைப் பழைய தடங்களுக்குக் கொணர அடிக்கல் வேண்டுவதில்லை.

போட்ட தூண்களைப் பிடுங்க இயலாது. சூரத்தை ஒட்டிய முதற்பகுதி 2027-இல் ஓடுமென அரசு அறிவித்துள்ளது. ஆயினும் இத்தோடு இது முடிவதன்று. சென்னை – பெங்களூர் – மைசூர் வழியும் அரசு ஆய்வுக்கு எடுத்த வழிகளுள் ஒன்று. அது வரும்போது, அரக்கோணம் – சோலையார்பேட்டைத் தடம் எந்த அளவு நிரம்பியுள்ளது, அங்குக் கூடுதல் தடமிட எவ்வளவு ஆகும், புதுவழியில் ஒருவர்க்குக் கட்டணம் எவ்வளவு என்ற மூன்று கணக்கையும், நிலம் எடுக்கும் அறிவிப்புக்கு முன்பே அரசு மக்கள்முன் வைக்க வேண்டும். பாலுகர் மாவட்டப் பழங்குடியினரும் சூரத்து உழவரும் தங்கள் நிலத்துக்காகப் போராடினர். குசராத்து உழவர்தம் வழக்கு 2019-இல் உயர்நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று. அவர்கள் கேட்கத் தொடங்கியபோது திட்டம் முடிவாகியிருந்தது.