ஓனீல் மூர்: ஓராண்டே அணிந்த சீருடை

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசும் மேடையில் ஒரு போலீஸ்காரரின் கதையா என்று சிலருக்குத் தோன்றலாம். காவல் துறையோடு நமக்குள்ள அனுபவம் அப்படி. ஆனாலும் இந்த மனிதரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குப் பெயர் வைத்தபோது, அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் பேந்தர் என்ற பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்த மக்களின் வரலாற்றில் சின்ன ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். ஓனீல் மூர் அவர்களில் ஒருவர்.

அமெரிக்காவின் தெற்கே லூசியானா மாநிலம். அங்கே வாஷிங்டன் பாரிஷ் என்று ஒரு பகுதி. பாரிஷ் என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஷெரிஃப் என்பவர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் காவல் தலைவர். அந்தப் பகுதியின் பெரிய ஊர் போகலூசா. அன்று ஒரு காகித ஆலையை நம்பி இருந்த ஊர். நல்ல சம்பள வேலைகள் வெள்ளையருக்கு, கடினமான கூலி வேலைகள் கறுப்பருக்கு என்று ஆலைக்குள்ளேயே கோடு போட்டு வைத்திருந்தார்கள். கு கிளக்ஸ் கிளான் ஒளிந்து மறைந்து அல்ல, ஊரறிய இயங்கிய இடம் அது.

அந்த ஊரில் 1964 ஜூனில் ஓனீல் மூரும் கிரீட் ராஜர்ஸும் துணை ஷெரிஃப்களாக நியமிக்கப்பட்டார்கள். அந்தப் பாரிஷில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர்கள் இவர்கள்தான். அடுத்த மாதமே அமெரிக்காவில் குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தானது.

‘முதல் கறுப்பினக் காவலர்’ என்பதற்கு அன்றைய தெற்கில் என்ன பொருள்? அட்லாண்டா நகரம் 1948இல் எட்டுக் கறுப்பினக் காவலர்களைச் சேர்த்தது. வெள்ளையரைக் கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. காவல் தலைமையகத்தில் அவர்களுக்கு இடமில்லை, ஒரு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்திலிருந்துதான் பணிக்குக் கிளம்பினார்கள். சட்டை ஒன்றுதான். அதற்குள் இருக்கும் உடம்பைப் பார்த்து அதிகாரம் அளக்கப்பட்டது. இதற்கு நம் ஊர் உதாரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மனதில் இந்நேரம் ஒன்று வந்திருக்கும்.

பாதி அதிகாரத்தைக்கூட போகலூசாவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1965 ஜூன் 2, இரவு. வார்னாடோ என்ற சிற்றூர் வழியாக மூரும் ராஜர்ஸும் ரோந்து வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த ஒரு பிக்கப் வண்டியிலிருந்து சுட்டார்கள். மூர் அங்கேயே இறந்தார். வயது 34. மனைவியும் நான்கு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். வேலையில் சேர்ந்து அப்போதுதான் ஓராண்டு ஆகியிருந்தது. ராஜர்ஸுக்கு ஒரு கண் போனது.

அந்த நிலையிலும் ராஜர்ஸ் வயர்லெஸ்ஸில் வண்டியின் அடையாளத்தைச் சொன்னார். அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி அந்த வண்டியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில், பக்கத்து மிசிசிப்பி மாநிலத்தின் டைலர்டவுனில், அந்த அடையாளத்துக்குப் பொருந்திய வண்டியில் வந்த ஒரு வெள்ளையர் கைதானார். கொலை வழக்குப் பதிவானது. பிறகு அது கைவிடப்பட்டது. விசாரணை நடக்கவே இல்லை. பிந்தைய ஆண்டுகளில் எஃப்.பி.ஐ. அந்தக் கோப்பை மறுபடி மறுபடி திறந்தது. கடைசியில், 2016இல், யார் மீதும் வழக்கில்லாமல் மூடப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ஒடுக்கப்பட்டவர் கொல்லப்படும்போது வழக்கமாக என்ன சொல்வார்கள்? சாட்சி இல்லை, புகார் தாமதம், சொன்னவர் நம்பகமானவர் இல்லை. இந்த வழக்கில் இறந்தவர் காவலர், சாட்சியும் காவலர். தகவல் போனது காவல் துறையின் வயர்லெஸ்ஸிலேயே. அப்படியும் ஒரு ஜூரியின் முன் வழக்கு போகவில்லை. அப்படியானால் சாட்சி என்பது ஒருபோதும் பிரச்சினையாகவே இருந்ததில்லை. அந்தச் சாட்சியத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகும் மனம் அந்த அமைப்புக்கு இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை.

அதனால் பிரதிநிதித்துவம் வீண் என்று நான் சொல்லவில்லை. வீண் என்றால் அந்த இருவரையும் யாரும் சுட்டிருக்க மாட்டார்கள். கறுப்பர் ஒருவர் சட்டத்தின் பெயரால் ரோந்து போவதே அந்த ஊரின் ஒழுங்கை அசைத்தது. ஆனால் இருவரை மட்டும் முன்னே அனுப்பிவிட்டு, அமைப்பு பழைய இடத்திலேயே நின்றது. நியமன ஆணை கொடுத்த அரசு, நியமிக்கப்பட்டவருக்குப் பின்னால் வந்து நிற்கவில்லை.

போகலூசாவை அசைத்தது ஊர் மக்களின் அமைப்புதான். அங்கே வாக்காளர் சங்கம் ஊர்வலம் நடத்தியது. தங்கள் தெருக்களைத் தாங்களே காக்க ‘டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்’ என்ற குழுவை ஆலைத் தொழிலாளர்கள் அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான ராபர்ட் ஹிக்ஸ் நீதிமன்றம் போனார். 1965 ஜூலையில், போராடுகிறவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்று போகலூசா போலீசுக்கே கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. கடமையைச் செய் என்று போலீசுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது, பாருங்கள். டிசம்பரில் கிளான் அமைப்புக்கு எதிராகவும் தடை ஆணை வந்தது.

எனவே, ‘முதல் தலித் அதிகாரி’, ‘முதல் பெண் தலைவர்’ என்று செய்தி வரும்போது மகிழ்வோம், வாழ்த்துவோம். கூடவே சில கேள்விகளைக் கேட்போம். அவருக்கு முழு அதிகாரம் உண்டா? அவர் யார் மீது நடவடிக்கை எடுக்கலாம், யார் மீது எடுக்க முடியாது? நாளை அவர் தாக்கப்பட்டால் அதே துறை அவருக்காக நீதிமன்றம்வரை போகுமா? பதில் இல்லை என்றால், அவரைத் தனியே விட்டுவிடாமல் இருப்பது நம் வேலை.

அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில், உரிமைப் போராட்டத்தில் உயிரிழந்தவர்களின் பெயர்களைப் பொறித்த ஒரு கருங்கல் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஓனீல் மூரின் பெயரும் அதில் உண்டு. அவரைக் கொன்றவரின் பெயரை மட்டும் எந்தத் தீர்ப்பும் இதுவரை சொல்லவில்லை.