சாமம் யாருடைய நேரம்?

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, சாமம்கிற சொல்லைப் பத்திப் பேசச் சொன்னீங்க. அகராதி சொல்றதை முதல்ல சொல்லிடறேன். யாமம்தான் சாமம். ஒரு சாமத்துக்கு ஏழரை நாழிகை, இன்றைய கணக்கில் 3 மணி நேரம். இரவுக்கு 4 சாமம். தொல்காப்பியம் யாமத்தைக் குறிஞ்சிக்குப் பொழுதாக வைக்கிறது. தலைவன் தலைவியைத் தேடி வருகிற நேரம். கோயிலில் அர்த்தசாமப் பூசை முடிந்தால் சாமி பள்ளியறைக்குப் போகிறது. ஆக, அவங்க சாமம் கூடலுக்கும் உறக்கத்துக்கும் உரியது.

சேரியில் அப்படியா? 'ஏமஞ்சாமம் பாக்காம கூப்புடுவான்'னு எங்க அம்மா சொல்லும். கூப்பிடுறது ஆண்டை. முறைத்தண்ணி வந்தா மடை திறக்கணும். களத்து நெல்லுக்குக் காவல் படுக்கணும். ஊர்ல சாவு விழுந்தா பல மைல் நடந்து சேதி சொல்லணும். கடிகாரம் ஆண்டை வீட்டுல. இவங்களுக்குச் சாமக்கோழியும் விடிவெள்ளியும்தான்.

சாமத்துல பேய் உலாத்தும்னு ஊர்க்காரன் பயம் காட்டுவான். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை எரித்தது பேய் இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். திருநெல்வேலிச் சீமையில் புரத வண்ணார்கள் பகலில் வெளியே வரக்கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு என்று வைத்திருந்தார்கள். நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் நடுவில்தான் வேலை. 1932 டிசம்பரில் 'இந்து' நாளேட்டில் இந்தச் செய்தி வந்தது. கிணறு, சுடுகாடு, டீக்கடை என்று இடத்தில் இருக்கிற தீண்டாமையை விலாவாரியாகப் பேசுகிறோம். ஒரு சாதியையே பொழுதுக்குள் வைத்துப் பூட்டியதைப் பற்றி நம் மேடைகளில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்? அவர்கள் சாமத்தில் வெளுத்தது யார் துணி? நம்ம துணி. ராச்சோறு வாங்க அவர்கள் வந்து நின்றது நம் வாசலில். சிலர் நெளிவது இங்கிருந்தே தெரியுது. நானும் நெளிந்துகொண்டுதான் பேசுகிறேன்.

கடைசியா ஒண்ணு. என் பிறந்த தேதி பள்ளிக்கூடத்து வாத்தியார் அவர் வசதிக்கு எழுதியது. 'நெசமா எப்ப பொறந்தேன்?'னு அம்மாகிட்ட கேட்டேன். மாசம் ஞாபகமில்லைன்னுது. 'மூணாஞ்சாமம், கோழி கூவுறதுக்கு முன்ன. போரடிச்சிட்டு அப்பதான் களத்துலேர்ந்து வந்து படுத்தேன்'னுச்சு.