வாகனத்துக்குள்ளே பேச்சு நின்றுபோனால்

(தோட்டத்து இளைஞர்களுக்கும் பெற்றோருக்குமான தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு, நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். "வாகன வயரிங் பத்தி எங்களுக்கு எதுக்குப்பா?" என்று சில அம்மாமார் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அம்மா வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தைப் போட்டு, மிச்சத்துக்குக் கடன் எடுத்து, மகன் ஒரு பாவித்த ஜப்பான் வான் வாங்கினார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரவில் யாருக்காவது சுகமில்லை என்றால் ஆஸ்பத்திரிப் பயணம். நாலு லயத்துக்கும் அந்த வான்தான் துணை.

மழைக்காலம் வந்தது. மீட்டரில் மஞ்சளும் சிவப்புமாக விளக்குகள் எரிந்தன. வேக முள் திடீரென்று பூச்சியத்துக்கு விழுந்தது. கியர் மாறாமல் ஒன்றிலேயே நின்றது. ஒரு கராஜில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, "எஞ்சின் கம்பியூட்டர்ல பிழை காட்டுது, அதை மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. கம்பியூட்டரும் மாறியது. அடுத்த மழைக்கு அதே விளக்குகள், அதே கோளாறு.

எங்கே பிழைத்தது? இதை விளங்கிக்கொள்ள, இன்றைய வாகனத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் ஒரு சுவிட்சுக்கு ஒரு வயர், ஒரு விளக்குக்கு ஒரு வயர். இப்போது எஞ்சினுக்கு ஒரு கம்பியூட்டர், பிரேக்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று என்று பல பெட்டிகள் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று பேசுகின்றன. இதற்கான 'கேன்' என்ற முறையை ஜெர்மனியின் பொஷ் கம்பனி 1983இல் உருவாக்கத் தொடங்கி, 1986இல் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் வெளியிட்டது. 1993இல் அது சர்வதேசத் தரமாயிற்று.

அதன் வழி எளிது. முறுக்கிய இரண்டு வயர்கள், எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவாக ஓடும். ஒரு லயத்தின் எல்லா வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய் ஓடுவதைப் போல. ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். தனக்குத் தேவையானதை மட்டும் ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால், அவசரமான செய்தி முன்னே போகும். மற்றது காத்திருக்கும்.

அந்த வானில், சக்கரத்தின் வேகத்தை அறிவது ஏ.பி.எஸ் பிரேக் பெட்டி. அது பேச்சை நிறுத்தினால் மீட்டருக்கு வேகம் தெரியாது, கியருக்கும் தெரியாது. ஆகவே முள் விழும், கியர் நிற்கும். எஞ்சின் கம்பியூட்டரும் "பிரேக் பெட்டியின் குரல் கேட்கவில்லை" என்று எழுதி வைக்கும். அதுதான் யு 0121 என்ற குறி. 'யு'வில் தொடங்கும் குறிகள் பெரும்பாலும் பேச்சுக் குறைதான்.

இங்கேதான் முதல் கராஜ் தவறியது. பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளையின் பெயர் ஆசிரியரின் இடாப்பில்தானே இருக்கும்? அதற்காக ஆசிரியரையா மாற்றுவோம்? முறைப்பாடு எழுதியது எஞ்சின் கம்பியூட்டர். குற்றம் இருந்தது வேறிடத்தில்.

நாங்கள் அந்த வானை இப்படிப் பார்த்தோம்.

முதலில் பெட்டரி. அது இளைத்திருந்தால் நல்ல பெட்டிகளும் பொய்க் குறி காட்டும். அது சரியாக இருந்தது.

இரண்டாவது, எல்லாப் பெட்டிகளையும் ஸ்கேனரால் கூப்பிட்டோம். மற்றவை பதில் சொல்லின. பிரேக் பெட்டி மட்டும் மௌனம். மற்றவை எல்லாம் அதைப் பற்றியே முறையிட்டிருந்தன.

மூன்றாவது, பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் பூட்டும் பிளக்கின் 6ஆம் 14ஆம் முனைகளுக்கு நடுவே மீட்டர் வைத்தோம். இந்த லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. இரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று முட்டியிருக்கிறது. எங்களுக்கு 60 வந்தது. பொது லைன் நலம்.

நான்காவது, பிரேக் பெட்டிக்கு வரும் மின்சாரமும் எர்த்தும். பியூஸ் நல்லது. பெட்டரியைத் திரும்பப் பூட்டி, சாவியைத் திருப்பி, அதன் எர்த் முனைக்கும் பெட்டரியின் மைனசுக்கும் நடுவே அளந்தால் ஏறக்குறைய பூச்சியம் வர வேண்டும். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது! தேடிப் போனால், பொடியில் பூட்டிய எர்த் ஆணி துருப்பிடித்திருந்தது. மழை ஈரம் பட்டதும் இன்னும் மோசமாகும். உப்புத்தாளால் சுரண்டி, இறுக்கி, கிரீஸ் பூசினோம். விளக்குகள் அணைந்தன. அந்த மழைக்காலம் முழுவதும் வான் ஓடியது. செலவு ஓர் உப்புத்தாளும் அரை நாள் வேலையும்தான். ஆனால் சங்கிலி அடகில்தான் கிடந்தது. பிறகு அதை மீட்க அந்த அம்மா பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

ஆகவே வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "கம்பியூட்டர் போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே காசை எடுக்காதீர்கள். "எந்தப் பெட்டி பதில் சொல்லலை? அதுக்குக் கரண்டும் எர்த்தும் அளந்து பார்த்தீங்களா? ஓம் எவ்வளவு காட்டுச்சு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அளந்தவர் பதில் சொல்வார். குறிகளையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தொழில் பழகும் தம்பி தங்கைமாருக்கும் சில வார்த்தை. இந்த வயர்களில் பழைய டெஸ்ட் பல்பைக் குத்தாதீர்கள், பெட்டி பழுதாகலாம். ஓம் அளக்கும் முன்னே பெட்டரியைக் கழற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது கழற்றவே வேண்டாம். ஏர்பேக்கின் மஞ்சள் பிளக்குகளைப் பழகாமல் தொடாதீர்கள். சில புதிய வாகனங்களில் நடுவே வாசல் காக்கும் பெட்டி ஒன்று இருக்கும். அவற்றை வயரிங் படத்தைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். எலி கடித்த வயர், பச்சை பிடித்த பிளக், தளர்ந்த எர்த், இந்த மூன்றையும் முதலில் தேடுங்கள். நம்ம மலைநாட்டு ஈரத்துக்கு இவைதான் பெரும் எதிரிகள்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை, சரியான வரிசை. இவை இருந்தால் நம் பிள்ளைகளும் இந்தத் தொழிலில் தலைநிமிரலாம். அளக்காமல் மாற்றாதே என்பதே நாங்கள் சொல்ல வந்த பாடம். அதை மறக்காதவன் இன்னொரு தாயின் சங்கிலியை அடகுக்குப் போகாமல் காப்பாற்றுவான்.