உறுமுற நாயை அடிக்காதீங்க: அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க

போன இரண்டு எபிசோடில் நாய்க்குட்டிக்கு "உட்கார்", "வா" எல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பார்த்தோம். இன்னைக்கு எடுத்துக்கிற விஷயம் கொஞ்சம் கனமானது. நாய் உறுமினால் என்ன செய்வது?

தாம்பரத்திலிருந்து ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வளர்த்த நாட்டு நாய், இப்போ ஒன்றரை வயசு. வீட்டில் நாலு வயசுப் பையன் இருக்கான். நாய் சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் உறுமும். வீட்டுக்காரர் முதல்ல அதட்டிப் பார்த்தார். அப்புறம் பேப்பரைச் சுருட்டி ரெண்டு போட்டார். ஒரு மாசத்தில் உறுமல் நின்றுவிட்டது. "சரியாயிடுச்சு"ன்னு எல்லாரும் நிம்மதியா இருந்தாங்க. போன வாரம் அவர் தட்டை எடுக்கக் குனிந்தபோது, ஒரு சத்தமும் இல்லாமல் கையைக் கவ்வ வந்தது. நல்லவேளை, பல் படவில்லை. இப்போ மாமியார், "பையன் இருக்கிற வீடு, எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க"ன்னு சொல்றாங்களாம்.

அந்த அம்மா பயப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் நடந்ததைக் கவனிங்க. உறுமல்தான் நின்றது. உறுமலுக்கான காரணம் அப்படியே இருந்தது.

நான் சாஃப்ட்வேர் ஆளு, எனக்குத் தெரிந்த உதாரணம் இதுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வரிலிருந்து அலர்ட் வருது. தூக்கம் கெடுதேன்னு அலர்ட்டை ஆஃப் பண்ணிட்டுப் படுத்தால், ரூம் அமைதியாத்தான் இருக்கும். சர்வர் மட்டும் அமைதியா இருக்காது. உறுமல் என்பது நாய் அனுப்புகிற அலர்ட். அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கை இல்லாமல் கடிக்கிற நாய்தான் மிஞ்சும்.

உறுமலுக்கு முன்னாலேயே நாய் நிறையச் சொல்லிவிடும். நாம்தான் பார்ப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விடும். உதட்டை ஒருமுறை நக்கிக்கொள்ளும். அப்புறம் சாப்பிடும் வேகம் கூடும், தலையைத் தட்டுக்குள் இன்னும் தாழ்த்தும். உடம்பு விறைத்துப்போய் ஒரு நொடி சிலை மாதிரி நிற்கும். கண்ணின் வெள்ளை தெரிகிற மாதிரி ஓரமாகப் பார்க்கும். இத்தனைக்கும் நாம் நகரவில்லை என்றால்தான் உறுமல். அதற்கும் நகரவில்லை என்றால் காற்றில் ஒரு கவ்வல். அதற்கு அப்புறம்தான் கடி. எல்லா நாயும் இதே வரிசையில் போகும் என்று இல்லை. ஆனால் "திடீர்னு கடிச்சிடுச்சு" என்று சொல்கிற பல வீடுகளில், இந்த முன்படிகளில் ஒன்றிரண்டாவது நடந்திருக்கும். இன்னொன்று: வால் ஆடினால் சந்தோஷம் என்று நம்பி விடாதீங்க. உடம்பு விறைப்பாக இருந்து வால் மட்டும் மேலே நின்று வேகமாக ஆடினால், அது "கிட்ட வராதே"யாகவும் இருக்கலாம்.

சரி, உறுமினால் அடிக்கணும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? "நாய் உன்னை மதிக்கலை, நீதான் தலைவன்னு காட்டு" என்று சொல்வார்கள். ஆங்கிலத்தில் "ஆல்ஃபா" என்பார்கள். இதன் வேர் ஓநாய் ஆராய்ச்சியில் இருக்கிறது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாஸல் மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். அடைபட்ட இடத்தில் ஓநாய்கள் ஒன்றோடு ஒன்று மோதி இடம் பிடித்தன. 1970-இல் டேவிட் மெக் எழுதிய ஓநாய்ப் புத்தகம் இந்த "தலைவன்" கருத்தைப் பெரிய அளவில் பரப்பியது. அதே மெக் பிறகு கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் பார்த்தார். 1999-இல், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம்தான் என்று எழுதினார். சண்டை போட்டுப் பதவி பிடித்த தலைவன் அங்கே இல்லை. தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பாளரிடம் அவரே கேட்டார். மனுஷன் நேர்மையானவர். ஆனால் "தலைவன்" கதை மட்டும் இன்னும் நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் ஓடிக்கிட்டிருக்கு.

அடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் தகவல் இருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கொண்டுவந்த 140 பேரிடம் கேட்ட ஆய்வு 2009-இல் வெளியானது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேர், நாய் பதிலுக்கு ஆக்ரோஷம் காட்டியது என்றார்கள். வாயில் இருப்பதைப் பலவந்தமாகப் பிடுங்கியவர்களில் 39 சதவீதம் பேரும் அதையே சொன்னார்கள். ஏற்கெனவே பிரச்சினை உள்ள நாய்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பதும் அப்படிப்பட்ட நாயைப் பற்றித்தானே? 2020-இல் போர்த்துகலில் 92 நாய்களை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. தண்டனை கொடுத்துப் பழக்குகிற பள்ளிகளின் நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகம் இருந்தன. பயிற்சிக்குப் பிறகு எச்சிலில் கார்ட்டிசால் அளவும் கூடியிருந்தது. அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல் எல்லா நாய்க்கும் பரிசு வழிப் பயிற்சியைத்தான் பரிந்துரைத்தது.

"எங்க தாத்தா வீட்டு நாய் அடி வாங்கித்தான் வளர்ந்துச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. தாத்தா வீட்டு நாய் எங்கே இருந்தது? கொல்லையில். சோறு போட்டதும் எல்லாரும் உள்ளே போய்விடுவாங்க. பிடிக்கலைன்னா வேப்பமரத்தடிக்கு எழுந்து போக அதற்கு வழி இருந்தது. இன்னைக்கு நாய் இருப்பது ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். சாப்பாட்டுத் தட்டு கிச்சன் வாசலில். நாலு பேர் அதைத் தாண்டிப் போறாங்க. நகர இடமில்லாதபோது நாய்க்கு மிச்சம் இருப்பது உறுமல் ஒன்றுதான்.

இப்போ வழியைப் பார்க்கலாம். ஒரு கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. நீங்க சாப்பிட உட்கார்ந்திருக்கீங்க. பக்கத்தில் ஒருத்தர் அடிக்கடி உங்க இலையில் கைவைத்து எதையாவது எடுத்துக்கிட்டே இருக்கார். அடுத்த தடவை அவர் கை நீண்டதும் நீங்க என்ன பண்ணுவீங்க? இலையை மறைப்பீங்க. சில வீடுகளில், "பழகட்டும்" என்று நாய் சாப்பிடும்போது தட்டுக்குள் கையை விடுவது இந்த வேலைதான். அதே பந்தியில் வடை வாளியோடு ஒருத்தர் வரிசையில் வர்றார். அவரைப் பார்த்து யாராவது இலையை மறைப்போமா? தூரத்தில் வரும்போதே எட்டிப் பார்ப்போம். நாம் செய்யப்போவது இவ்வளவுதான். நாயின் கண்ணுக்கு நீங்க இலையில் கைவைக்கிற ஆளாக இல்லாமல் வடை வாளி ஆளாக ஆகணும்.

இதற்கான அறிவியல் பழையது. செரிமானத்தை ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு வாங்கிய ரஷ்யாவின் பாவ்லோவ், சாப்பாடு வாய்க்கு வருவதற்கு முன்னாலேயே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்தார். சாப்பாட்டுக்கு முன் தவறாமல் வரும் எதுவும் சாப்பாட்டின் அடையாளமாக மாறிவிடும். உங்க காலடிச் சத்தமும் அப்படி மாறலாம்.

செய்முறை சொல்றேன். முதல் நாளிலிருந்தே நாய் சாப்பிடும் நேரத்தில் குழந்தை வேறு அறையில், கதவு சாத்தி இருக்கணும். பயிற்சி முடியும் வரை என்று நினைக்காதீங்க, சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இது நிரந்தர விதி. அடுத்தது டாக்டர். காது வலி, பல் வலி, இடுப்பு வலி இருக்கிற நாய் சீக்கிரம் உறுமும். வலியைப் பயிற்சியால் தீர்க்க முடியாது.

அதன் பிறகு தூரம். நீங்க எவ்வளவு தள்ளி நின்றால் நாய் தளர்வாகச் சாப்பிடுகிறது என்று பாருங்க. எட்டு அடி என்று வைத்துக்கொள்வோம். தட்டில் இருப்பது வழக்கமான சாப்பாடு. உங்க கையில் இருக்க வேண்டியது அதைவிட உசத்தியானது: எலும்பு இல்லாத, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் சேராத வேகவைத்த சிக்கன். எட்டு அடி வரை நடந்து போங்க, ஒரு துண்டைத் தட்டுப் பக்கம் போடுங்க, திரும்பி வந்துடுங்க. அதட்டல் வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நாலைந்து தடவை போதும். சில நாளில் உங்களைப் பார்த்ததும் நாய் தலையைத் தூக்கி, உடம்பு தளர்ந்து, "வந்துட்டியா?"ன்னு பார்க்கும். அதற்குப் பிறகுதான் அரை அடி முன்னே. உடம்பு விறைத்தால் நீங்க அவசரப்பட்டுட்டீங்கன்னு அர்த்தம்; அடுத்த வேளை ஒரு அடி பின்னே. இது பெரியவங்க மட்டும் செய்யற வேலை. பையனை விட்டுச் செய்ய வைக்காதீங்க.

எங்க வீட்டு நாய் தத்தெடுத்து வந்த புதிதில் ஏழு அடியில் விறைத்து நிற்கும். ஒரு அடி தூரத்துக்கு வர எனக்கு ஐந்து வாரம் ஆனது. நடுவில் வீட்டுக்கு விருந்தாளி வந்த நாலு நாளில் மறுபடியும் நாலு அடிக்குப் போனோம். கிராஃப் போட்டால் நேர்கோடு வராது, அதுக்காக விட்டுடாதீங்க.

வாயில் செருப்போ சாக்ஸோ இருந்தால் பிடுங்காதீங்க, பண்டமாற்று பண்ணுங்க. சிக்கனைக் காட்டுங்க, அது விட்டதும் கொடுங்க. ஆபத்தில்லாத பொருள் என்றால், சில தடவை அதையே திருப்பியும் கொடுங்க. கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த நாய்க்குக் காவல் காக்க அவசியம் இல்லை.

"உறுமுற நாய்க்கு சிக்கனா? இன்னும் உறுமாதா?" இந்தக் கேள்வி தவறாமல் வரும். நாம் வேலை செய்வது உறுமல் வராத தூரத்தில். அங்கே உறுமலுக்குப் பரிசு என்ற பேச்சே இல்லை. நாம் மாற்றுவது பயத்தை. பயம் குறைந்தால் உறுமக் காரணம் இருக்காது. தவறி உறுமிவிட்டால் அமைதியாக விலகிப் போங்க. "தெரிஞ்சுக்கிட்டேன், சொன்னதுக்கு நன்றி" என்பதுதான் அப்போது நம்ம பதில்.

சாப்பாடு மட்டுமே உறவு என்றும் நினைக்க வேண்டாம். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தெருநாய்களிடம் சோதித்து 2017-இல் எழுதினார்கள். முன்பின் தெரியாத மனிதர் மேல் தெருநாய்க்கு நம்பிக்கை வளர, சாப்பாடு கொடுப்பதைவிடத் திரும்பத் திரும்ப அன்பாகத் தடவிக்கொடுப்பது அதிகம் உதவியது. நம்ம நாட்டு நாய் எதை எதிர்பார்க்கிறது என்று புரிகிறதா?

அந்த அக்காவுக்கு என் பதில் இது. உங்க நாய் ஏற்கெனவே கவ்வ வந்துவிட்டதால், நான் சொன்னதை மட்டும் வைத்துத் தனியாகச் செய்ய வேண்டாம். பிள்ளையையும் நாயையும் இன்றே பிரித்து வையுங்க, நேரில் வந்து பார்க்கும் ட்ரெயினரைத் தேடுங்க. யார் வேண்டுமானாலும் ட்ரெயினர்னு போர்டு மாட்டிக்கலாம் என்பதால் ரெண்டு கேள்வி கேளுங்க: "நாய் சரியா செஞ்சா என்ன பண்ணுவீங்க? தப்பா செஞ்சா என்ன பண்ணுவீங்க?" இரண்டாவதுக்கு அடி, முள் பெல்ட், ஷாக் பெல்ட் என்று பதில் வந்தால் வேற ஆளைப் பாருங்க. மாமியாரிடம் இதையும் சொல்லுங்க: வீட்டில் வளர்ந்த நாயைப் புது ஏரியாவில் விட்டால் அங்கே உள்ள நாய்கள் விரட்டும், சோறு தேடத் தெரியாது. பட்டினியில் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. எல்லா முயற்சிக்குப் பிறகும் முடியவில்லை என்றால், குழந்தை இல்லாத ஒரு வீட்டை, உண்மையைச் சொல்லித் தேடிக்கொடுப்பது வேறு விஷயம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. கடியோ கீறலோ பட்டுவிட்டால், வளர்ப்பு நாய்தானே என்று விடாதீங்க. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வைத்து 15 நிமிஷம் கழுவுங்க, உடனே ஆஸ்பத்திரி போய் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்க.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நாய் சாப்பிடும்போது எட்டு அடி தள்ளி உட்கார்ந்து, எதுவும் செய்யாமல் அஞ்சு நிமிஷம் பாருங்க. காது எங்கே இருக்கு, வால் எங்கே இருக்கு, யார் கடந்து போகும்போது சாப்பிடும் வேகம் மாறுது என்று ஒரு பேப்பரில் குறிச்சுக்கோங்க. அதை எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற நாய்களைப் பற்றிப் பேசுவோம். தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டிய வேலை அது.