கவாய்த் தீவின் 698 குழந்தைகள்



ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாய்த் தீவில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை ஓர் ஆய்வுக் குழு கருவிலிருந்தே கவனிக்கத் தொடங்கியது. கரும்பும் அன்னாசியும் விளைந்த தோட்டங்களில் வேலை செய்த குடும்பங்கள் அங்கே நிறைய. ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் தீவின் பூர்வகுடிப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் அடக்கம். 1, 2, 10, 18, 32, 40 ஆகிய வயதுகளில் அவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். ஆய்வை முன்னின்று நடத்தியவர் எமி வெர்னர். உடன் உழைத்தவர் ரூத் ஸ்மித்.

வளர்ச்சி உளவியல் என்றால் குழந்தை உளவியல்தான் என்ற எண்ணம் இன்றும் பரவலாக இருக்கிறது. உளவியலாளர் பியாஜே வகுத்த சிந்தனைப் படிநிலைகள் பதின்பருவத்தோடு முடிந்துவிடுகின்றன. எரிக் எரிக்சன் 1950-இல் வெளியிட்ட நூலில் வாழ்க்கையை எட்டுப் பருவங்களாக வகுத்து, நடுவயதையும் முதுமையையும் வளர்ச்சிக்குள் கொண்டுவந்தார். பிறப்பு முதல் நடுவயது வரை ஒரே மனிதர்களைத் தொடர்ந்து கவனிக்கும் அரிய வாய்ப்பைக் கவாய் தந்தது.

அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் கடுமையான சூழலில் பிறந்தவர்கள். வறுமை, பிரசவச் சிக்கல், ஓயாத குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய், குடிப்பழக்கம் எனப் பல சுமைகள் ஒன்றுசேர்ந்து அவர்களை அழுத்தின. இரண்டு வயதுக்குள் இப்படி நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட சுமைகளைச் சந்தித்தவர்களில் மூன்றில் இரு பங்கினர், 10 வயதில் படிப்பிலோ நடத்தையிலோ தடுமாறினார்கள்; அல்லது 18 வயதுக்குள் குற்றவழக்கிலோ மனநலச் சிக்கலிலோ மாட்டிக்கொண்டார்கள்.

மீதி ஒரு பங்கினர், 72 பேர், அதே சூழலில் நன்றாகவே வளர்ந்தார்கள்.

இதைத்தான் உளவியல் மீள்திறன் என்கிறது. அந்த 72 பேரின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தால், ஏறக்குறைய ஒவ்வொருவருக்கும் நம்பிச் சாய ஒரு தோள் இருந்தது தெரியும். சிலருக்குப் பாட்டி, சிலருக்கு அக்கா, சிலருக்கு ஓர் ஆசிரியர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற பொறுப்பு பலருக்கு இளமையிலேயே வந்தது. தன்னாலும் ஒருவருக்கு உதவி இருக்கிறது என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது. நாற்பது வயதில் இவர்களில் ஒருவர்கூட வேலையில்லாமல் இருக்கவில்லை. ஒருவர் மீதும் வழக்கு இல்லை.

இந்த ஆய்வின் மிகப் பெரிய செய்தி, தடுமாறிய மற்றவர்களைப் பற்றியது. பதினெட்டு வயதில் தேறாதவர்கள் என்று கருதப்பட்டவர்களில் பெரும்பாலோர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நிமிர்ந்துவிட்டார்கள். சமுதாயக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தது, ராணுவத்தில் தொழில் கற்றது, நிதானமான துணை அமைந்தது, சமயக் குழுவில் சேர்ந்தது, உயிருக்கே ஆபத்தான நோயிலிருந்து பிழைத்தது எனத் திருப்பங்கள் பலவகை. பதின்வயதில் தாயானவர்களில் பெரும்பாலோரின் நிலையும் பிற்காலத்தில் மேம்பட்டிருந்தது.

அப்படியானால் தொடக்க ஆண்டுகள் முக்கியமில்லையா? மிக முக்கியம் என்பதற்கு ருமேனியா சான்று. புகாரெஸ்ட் நகரக் காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளைச் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா ஆகியோர் ஆராய்ந்தனர். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்தை அடைந்த குழந்தைகளின் அறிவுத்திறனும் பாசப்பிணைப்பும், பிந்திச் சென்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டன. வளர்ச்சியில் உணர்திறன் மிகுந்த காலம் என்று ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டால் பின்னர் அதிகம் பாடுபட வேண்டியிருக்கும்.

முதுமைக்கும் தனி வளர்ச்சி உண்டு என்றார் ஜெர்மன் உளவியலாளர் பால் பால்டஸ். தேர்ந்தெடுத்தல், மெருகேற்றல், ஈடுகட்டல் என்ற மூன்று வழிகளை அவர் காட்டினார். அவர் சொன்ன உதாரணம் பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன். எண்பது வயதில் அவர் வாசித்த உருப்படிகள் குறைவு. அவற்றையே அதிகம் பயிற்சி செய்தார். விரைவான பகுதிக்கு முன்னால் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து வாசித்தார். அடுத்து வருவது இன்னும் வேகமாகக் கேட்டது.

எனவே, கைக்குழந்தைக்கு உரிய நேரத்தில் அரவணைப்பு கிடைக்கச் செய்வது முதல் கடமை. இடையில் படிப்பை விட்டவருக்கு 25 வயதிலும் 35 வயதிலும் கல்லூரியும் தொழிற்பயிற்சியும் எட்டும்படி இருக்க வேண்டும். பதினெட்டு வயதிலேயே ஒருவரைத் தேறாதவர் என்று தீர்மானித்துவிடும் பள்ளிகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் குடும்பங்களுக்கும் கவாயின் 32, 40 வயது விவரங்களை எடுத்துச்சொல்ல வேண்டியது கல்வியாளர்களின் பொறுப்பு.