படம் முடிந்த பிறகு பைரவி



1985ஆம் ஆண்டு தமிழ்த் திரைக்கு இரண்டு பெரிய காதல் கதைகளைத் தந்தது. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ ஒன்று, பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’ இன்னொன்று. இரண்டிலும் நாயகன் மணமானவன். மனைவி அல்லாத ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுத்தவன். பாட்டுக்காகவும் நடிப்புக்காகவும் இன்றுவரை கொண்டாடப்படும் இப்படங்களின் முடிவை மட்டும் எடுத்துவைத்துப் பார்க்க வேண்டும்.

‘சிந்து பைரவி’யில் ஜே.கே.பி. பேர்பெற்ற கர்நாடக சங்கீத வித்துவான். மனைவி பைரவிக்குச் சங்கீதம் தெரியாது, பிள்ளையும் இல்லை. சாமானியனுக்குப் புரியும்படி தமிழில் பாடக் கூடாதா என்று அவரையே எதிர்த்துக் கேட்கிறாள் சிந்து என்ற பெண். வாதம் நட்பாகிறது, நட்பு காதலாகிறது. விஷயம் வெளிப்பட்டுச் சிந்து விலகியதும் வித்துவான் குடியில் விழுகிறார். அவரை மீட்கச் சிந்துவையே மணம் முடித்துவைக்கவும் பைரவி துணிகிறாள். சிந்துவோ மறுத்து, தான் பெற்ற குழந்தையைப் பைரவியின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். சிந்துவாக நடித்த சுஹாசினிக்குத் தேசிய விருது கிடைத்தது, தகுதியான விருதுதான்.

ஆனால் முடிவில் யாருக்கு என்ன மிஞ்சியது? பெற்றவள் பிள்ளையை இழந்தாள். மனைவி, தனக்கு நேர்ந்த துரோகத்தின் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்க்க வேண்டும். பாடகருக்கு மட்டும் மேடை, மனைவி, மகவு என்று மூன்றும் வாய்த்தன.

‘முதல் மரியாதை’யிலும் விலை கொடுப்பவள் பெண்தான். நாயகன் மலைச்சாமியின் குடும்ப மானத்தைக் காக்கக் கொலை செய்துவிட்டுச் சிறைக்குப் போகிறாள், அவர் மனத்தைப் பறிகொடுத்த குயில். அவர் சாகக் கிடக்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டுப் போக மட்டுமே அவளுக்கு வாய்க்கிறது.

அன்பர்களே, பைரவி துணிந்த அந்த இரண்டாம் மணம் இந்தியாவில் அப்போதே சட்டத்துக்குப் புறம்பானது. சென்னை மாகாணம் 1949இலேயே இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்துச் சட்டம் செய்தது. 1955இன் இந்துத் திருமணச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. சட்டம் மாறி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும், மனைவியின் தியாகம் என்றால் கணவனுக்கு இன்னொருத்தியைக் கட்டிவைப்பது என்றே திரை நினைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் மணம் என்ற இந்தக் கேள்வியைச் சிங்கப்பூரின் பெண்கள் தியாகத்தின் பொறுப்பில் விட்டுவைக்கவில்லை. வழக்கம் என்ற பெயரில் ஓர் ஆண் பல மனைவியரை வைத்துக்கொள்ள முடிந்த காலம் இங்கே இருந்தது. பம்பாயில் பிறந்து 1950இல் இங்கு வந்த ஷிரின் ஃபோஸ்தார், 1952இல் உருவான சிங்கப்பூர் மாதர் மன்றத்தின் வழியாக அந்த வழக்கத்தை எதிர்த்து ஓயாமல் குரல் கொடுத்தார். மக்கள் செயல் கட்சிக்குள் சான் சோய் சியோங் போராடினார். ஒருவனுக்கு ஒருத்தி என்ற வாக்குறுதி அக்கட்சியின் 1959 தேர்தல் அறிக்கையில் இடம்பெற்றது. 1961 செப்டம்பர் 15 அன்று மாதர் சாசனம் என்ற சட்டம் நடப்புக்கு வந்தபோது, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருதார மணமே சட்டமாயிற்று.

திரையிலும் ஒரு மாற்றுக் குரல் உண்டு. மகேஷ் பட்டின் ‘அர்த்’ படத்தைத் தழுவி, 1993இல் பாலு மகேந்திரா ‘மறுபடியும்’ எடுத்தார். நடிகை ஒருத்தியோடு போய்விட்ட கணவன், அவளும் விலகிய பிறகு திரும்பி வந்து நிற்கிறான். நீ செய்ததை நான் செய்திருந்தால் ஏற்றுக்கொள்வாயா என்று மனைவி துளசி கேட்கிறாள். அவனிடமிருந்து வரும் நேர்மையான பதில், இல்லை என்பது. துளசி தன் வழியே நடக்கிறாள். ரேவதி நடித்த அந்தக் காட்சியில் அழுகையைவிடத் தெளிவே மேலோங்கி நிற்கும்.

இன்னொரு மாற்றுக் குரல் தமிழுக்கு வெளியே உண்டு. ஹாங்காங் இயக்குநர் வோங் கார்வாய் 2000இல் எடுத்த ‘இன் த மூட் ஃபார் லவ்’ படத்தின் கதை 1962இல் தொடங்குகிறது. துணைகளால் ஏமாற்றப்பட்ட அண்டைவீட்டார் இருவர், தாங்கள் அவர்களைப் போல ஆகக் கூடாது என்று உறுதி கொள்கிறார்கள். துரோகம் செய்த இருவரின் முகத்தைப் படம் நமக்குக் காட்டுவதே இல்லை. நாயகன் வேலைக்காக வருவது நம் சிங்கப்பூருக்குத்தான். நாயகி இங்கு வந்து, அவன் அறையைப் பார்த்து, தொலைபேசியில் அழைத்தும் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுகிறாள். காயம்பட்டவர்களின் பக்கம் நின்றும் பெரிய காதல் படம் எடுக்கலாம் என்பதற்கு அது சான்று.

சட்டமும் தொடர்ந்து மாறுகிறது. 2024 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில், ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தாமல், இருவரும் ஒப்பி மணவிலக்குக் கோர வழி உண்டு. குடும்பங்கள் முறியும் விதமும், முறிந்தபின் பெற்றோர் பொறுப்பைப் பகிரும் விதமும் மாறிவருகின்றன. மெக்கன்சி சாலை ரெக்ஸில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த இளைஞர்கள் பலர் இன்று குறும்படமும் தொலைக்காட்சி நாடகமும் எடுக்கிறார்கள். அவர்களிடம் இந்த அவை ஒரு வேண்டுகோள் வைக்கட்டும். சிந்து போன மறுநாள் காலை பைரவி என்ன நினைத்தாள் என்று எழுதுங்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, தன்னைப் பெற்றவள் யார் என்று கேட்கும் நாளைப் படமாக்குங்கள். ஃபோஸ்தாரும் சான் சோய் சியோங்கும் நடத்திய போராட்டத்தைத் தமிழில் திரைக்குக் கொண்டுவாருங்கள். முழுநீளப் படத்துக்கு வேண்டிய கதை அதில் இருக்கிறது.